இருபத்தெட்டரை மில்லிமீட்டர் நிலா

காலை பத்து நாற்பது. வரவேற்பு மேசையின் கண்ணாடிமேல் முதலில் கண்ணில் பட்டது ஓர் எஃகு அடிக்கோல். பக்கத்தில் எங்கள் வார இதழ், பதினான்காம் பக்கம் மேலே வரும்படி நான்காக மடித்தது. அதற்கடுத்து உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். மூன்றும் ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில் வைக்கப்பட்டிருந்தன. அதன் பிறகுதான் அவற்றை வைத்தவரைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, மருத்துவமனைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. இந்தப் பக்கத்தைச் செய்தது யார் என்று குரலை உயர்த்தாமல் கேட்டார்.

நான்தான். அது நினைவஞ்சலிப் பக்கம். அச்சுக்குப் போக இருபது நிமிடம் இருந்தபோது, கட்டத்துக்குள் படம் ஒடுங்கி நின்றது. பக்கவாட்டில் பிடித்து இழுத்துவிட்டேன். அந்த வேலையில் இருந்தவர்கள் நாளுக்கு நான்கு முறை செய்வதுதான்.

“எங்கம்மா முகம் அகலம் முப்பத்தொண்ணு. நீங்க போட்டது முப்பத்தஞ்சு. உயரம் மாறல. ஏன் இழுத்தீங்க?”

“ரெண்டு பக்கமும் இடம் காலியா நின்னுச்சு, மேடம்.”

“காலியா விட்டிருக்கலாமே.”

வரவேற்பில் இருந்த பெண் உதவிக்கு வந்தாள். படம் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா நல்ல சதைப்பிடிப்பாக, லட்சணமாகத் தெரிகிறார் என்றாள். அவர் அந்தப் பெண்ணை ஒரு முறை பார்த்தார். “இருந்தாங்கன்னா சந்தோஷப்பட்டிருப்பாங்க,” என்றார். “ஆனா அது வேற யாரோ.”

அடுத்த வாரம் படத்தை மறுபடியும் போட்டோம், இரண்டு பக்கமும் வெள்ளை விட்டு. இதழ் வெளியான அன்று வந்து அடிக்கோலை வைத்துப் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டு, கிளம்பும் முன் அழைப்பு விடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்குக் கெர்பாவ் ரோட்டுக்கு வந்தால் இழுக்காத படம் என்றால் என்னவென்று காட்டுவதாக. அப்படித்தான் பழக்கம். அந்த வார இதழ் நின்றுபோய் வெகுகாலமாகிறது. பழக்கம் அதற்கப்புறமும் பல ஆண்டுகள் இருந்தது. எல்லாரையும்போல நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

கெர்பாவ் ரோட்டில் ஒரு தையற்கடை. மாடியில், துணிக்கட்டுகளுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறை. ஞாயிறு தமிழ்த் திருப்பலி முடிந்து அக்கா நேராக அங்கே வருவார். அறையில் ஒரு மேசை, ஒரு பழைய கணினி, ஏதோ அலுவலகம் தூக்கிப் போட்ட பதினேழு அங்குலத் திரை, பலகையில் அவரே துளையிட்டுப் பொருத்திய ஜாய்ஸ்டிக் எனும் ஆட்டக் கம்பி, ஆறு பொத்தான்கள். திரையின் கீழ்விளிம்பில் ஒரு காகிதப் பட்டி ஒட்டியிருந்தது: ‘384 × 224. மூன்று மடங்கு. இழுக்கப்படவில்லை.’

எழுபது, எண்பது, தொண்ணூறுகளில் கடைத்தொகுதிகளில் காசு போட்டு விளையாடிய ஆர்கேட் விளையாட்டுகள்தான் விஷயம். அந்தப் பெட்டிக்குள் இருந்த மின்பலகையின் வேலையை இன்றைய கணினியில் ஒரு மென்பொருள் அப்படியே செய்துகாட்டும், எமுலேட்டர் என்பார்கள். சிக்கல் படத்தின் அளவில் வருகிறது. பழைய விளையாட்டின் படத்தில் குறுக்கே முந்நூற்று எண்பத்து நான்கு புள்ளி, நெடுக்கே இருநூற்று இருபத்து நான்கு. இன்றைய திரையில் புள்ளிகள் பல மடங்கு. எல்லாரும் என்ன செய்வார்கள் என்றால், படத்தைப் பிடித்துத் திரை நிறைய விரித்துவிடுவார்கள். அக்கா ஒரு புள்ளியை மூன்றுக்கு மூன்றாக ஆக்குவார். அதற்கு மேல் திரையில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறதோ அது கறுப்பாகக் கிடக்கும். எல்லாப் புள்ளியும் சதுரம், எல்லாச் சதுரமும் ஒரே அளவு. கணினியில் ஏழே விளையாட்டுகள் வைத்திருந்தார். ஏழுக்கும் உரிய அசல் மின்பலகைகள் அவர் வீட்டு அலமாரியில், எங்கள் இதழில் சுற்றி, அடுக்கியிருந்தன. பலகை இல்லாத விளையாட்டை அவர் ஆடுவதில்லை.

கடைக்காரரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்ப்பார். “என்னக்கா, டிவிக்கு நடுவுல தபால்தலை ஒட்டின மாதிரி இருக்கு. பெரிசா போட்டா கரண்டு கூடச் செலவாகுமா?”

“உங்க கஸ்டமர் இடுப்பு முப்பத்திரண்டு. துணி நிறைய இருக்குன்னு நாப்பதா தைப்பீங்களா, மாஸ்டர்?”

“தைச்சிருக்கேன் லா. தீபாவளி நேரத்துல.”

ஞாயிறு மதியம் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கால் வைக்க இடம் இருக்காது. சட்டை தைக்கக் கொடுத்த, ஊரிலிருந்து வேலைக்கு வந்த ஊழியர்கள் சிலர் அந்த அறை வாசலில் நின்று பார்ப்பார்கள். ஆடக் கேட்டால் எழுந்து இடம் கொடுப்பார். புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஆடி முடித்துவிட்டு, படம் ஏன் நடுவில் மட்டும் வருகிறது, திரை பழுதா என்று மரியாதையாக விசாரித்தார். “பழுதில்ல. அது அவ்வளவுதான்,” என்றார் அக்கா. இளைஞர் தலையாட்டினார். அடுத்த வாரம் அவர் தன் அறைத்தோழரிடம் அதே வார்த்தைகளில் விளக்கிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

மருத்துவமனையில் அவர் எக்ஸ்ரே பிரிவில் இருந்தார். படம் இருட்டாக இருக்கலாம், சின்னதாக இருக்கலாம், இழுக்க மட்டும் கூடாது, ஏனென்றால் டாக்டர் அதை அளந்துதான் வெட்டுவார் என்று ஒருமுறை சொன்னார். அந்த வேலை அவரை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவர் என்பதால் அந்த வேலைக்குப் போனாரா என்பது எனக்குத் தெரியாது. சந்தையில் மீன்காரர் ஒரு கிலோ என்று தூக்கிக் காட்டினால், “தொள்ளாயிரத்து நாப்பது,” என்பார். குறைத்துக் கொடுக்கச் சொல்லி அல்ல. சும்மா, பதிவுக்காக. பங்குத்தந்தை ஒரு நாள் வாசலில் அவரிடம் மறையுரை எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டார். “பதினாறு நிமிஷம், ஃபாதர்.” ஃபாதர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வேறு ஒன்றும் வரவில்லை.

ஆங் மோ கியோவில் அவர் குடியிருந்த வட்டாரத்தில் ஒரு விழா. பழைய விளையாட்டுகளுக்கு ஒரு மூலை ஒதுக்கி, அவருடைய கணினியைக் கேட்டார்கள். சம்மதித்துக் கொண்டுபோனார். அங்கே மேடையில் பெரிய எல்இடி திரை. அதில் முழுவதும் வரும்படி போடச் சொன்னார்கள். அப்படிப் போட்டால் ஆட்டத்தில் வரும் ஆள் குள்ளமாக, பரந்து தெரிவார் என்றார் இவர். பின்னால் இருப்பவர்களுக்கு வேறெப்படித் தெரியும் என்று கேட்டார் ஏற்பாட்டாளர். “பின்னால இருக்கறவங்க முன்னால வரட்டும்,” என்று சொல்லிவிட்டு, கணினியைச் சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டி வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டார். கோபமாகப் போனார் என்று அதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுநாள் அதே ஏற்பாட்டாளரின் தாயாருக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்து, நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அவருக்கு ஒரே தம்பி, பீட்டர். மார்சிலிங்கில் மனைவி ஸ்டெல்லாவோடு இருந்தார். இளவயதில் பீட்டர் வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் ஆர்கேடில் நின்றுவிடுவாராம். அம்மா அக்காவை அனுப்புவார். கூட்டிக்கொண்டு வரப் போன அக்கா பக்கத்தில் நின்று இரண்டாவது ஆட்டக்காரராகச் சேர்ந்துகொள்வார். இரண்டு பேரையும் கூட்டி வர அப்பா கிளம்பி வருவார். அந்த ஏழு விளையாட்டில் ஒன்று அவர்கள் சேர்ந்து ஆடியது: இரவு நேர நகரத்தின் மேல் பறக்கும் விமானம், கீழே இருந்து சுடுவார்கள், பின்னால் வானத்தில் ஒரு நிலா. மற்ற ஆறும் அதற்குத் துணையாகத்தான் வாங்கியவை என்று நினைக்கிறேன். அவர் சொன்னதில்லை.

பீட்டருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. கால் கொஞ்சம் திரும்பியது, பிடித்துக்கொண்டு நடந்தார். பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொற்றொடர்: “இல்ல லா.” சோறு வேண்டுமா, இல்ல லா. வேண்டாமா, இல்ல லா. சந்தோஷத்துக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். தொனியை வைத்து ஸ்டெல்லா ஊகித்துக்கொள்வார்.

வலது கைதான் பெரிய கவலை. அதில் உயிர் இருக்கிறது, ஆனால் அவர் அதைப் பயன்படுத்த மறுக்கிறார் என்றார் தெரபிஸ்ட். பந்தை அழுத்தச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முளைகளைத் துளையில் செருகச் சொன்னால் இடக்கையால் தட்டைத் தள்ளிவிடுவார். எட்டு மாதம் ஓடியிருந்தது. இன்னும் மூன்று நான்கு மாதத்துக்குள் கையை வேலைக்கு இழுக்காவிட்டால், பிறகு அது மடியிலேயே கிடந்துவிடும் என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தார். ஒரு நோட்டும் கொடுத்திருந்தார். வலது கை தானாக எத்தனை முறை எதையாவது செய்தது என்று தினமும் எழுத வேண்டும்.

ஸ்டெல்லா எழுதிக்கொண்டுதான் வந்தார். ‘ஓரளவு.’ ‘பரவாயில்லை.’ ‘நேற்றைவிட நல்லது.’

அக்கா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஓரளவு என்றால் எத்தனை என்று கேட்டாராம். மறுநாளிலிருந்து நோட்டில் பூஜ்யம் வரத் தொடங்கியது. முதல் முறை நான் மார்சிலிங் போய்த் திரும்பியபோது, ஸ்டெல்லா என்னோடு மின்தூக்கிவரை வந்தார்.

“அவங்க சொல்றது சரிதான்னு எனக்கும் தெரியும்ணே,” என்றார். “ஆனா தினமும் என் கையாலதான சைபர் போட வேண்டியிருக்கு.”

நான் அன்று அங்கே போனது சாமான் தூக்கத்தான். ஆர்கேடில் இடது கை ஆட்டக் கம்பிக்கு, வலது கை சுடும் பொத்தானுக்கு. பந்தை அழுத்தாத கை இந்தப் பொத்தானை அழுத்தும் என்று அக்கா கணக்குப் போட்டிருந்தார். தள்ளுவண்டியில் திரையையும் கணினியையும் துண்டு சுற்றிக் கட்டினார். நான் ஆட்டப் பலகையைச் சுமந்தேன். லிட்டில் இந்தியாவில் ஏறி, டோபி காட்டில் மாறி, மார்சிலிங்கில் இறங்கினோம். ஒன்பதாவது மாடி. சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பொருத்தினார். கறுப்புக்கு நடுவே நகரம் வந்தது, நிலா வந்தது, விமானம் வந்தது.

பீட்டர் பார்த்தார். நிலா திரையில் இருந்தவரை கண் எடுக்காமல் பார்த்தார். பிறகு, “இல்ல லா,” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் அதேதான். அக்கா ஒரு வார்த்தையும் வற்புறுத்தவில்லை. தானே உட்கார்ந்து முதல் கட்டத்தை ஆடி முடித்தார். பீட்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலில் திரும்பும்போது, அசல் விளையாட்டு, அசல் அளவு, ஒரு புள்ளிகூட மாறவில்லை, வேறு என்ன குறை என்று அவர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. களைப்பாக இருக்கலாம் என்றேன். களைப்பென்றால் கண்ணை மூடுவான், ஜன்னலை எதற்குப் பார்க்கிறான் என்றார்.

மூன்றாவது ஞாயிறு ஸ்டெல்லா எண்ணெயில் பொரித்த கறிபஃப் வாங்கி வைத்திருந்தார். பீட்டர் இடக்கையால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரையில் நகரமும் நிலாவும் அசையாமல் நின்றன. அப்போது பீட்டர் முன்னால் சாய்ந்தார். எண்ணெய் ஒட்டிய ஆள்காட்டி விரலைக் கண்ணாடிமேல் வைத்தார். நிலாவின் இடது ஓரத்தில் தொடங்கி, மெதுவாக, மேலே, வலது ஓரம், கீழே, மறுபடி தொடங்கிய இடம்.

“இல்ல லா,” என்றார்.

ஸ்டெல்லா துணியோடு வந்தார். அக்கா சமையலறை வாசலிலிருந்து, “துடைக்காத,” என்றார்.

அவர் திரையை அணைத்தார். மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாக விழுந்து, கறுப்புக் கண்ணாடியில் எண்ணெய்க் கோடு பளபளத்தது. கைப்பையிலிருந்து எஃகு அடிக்கோலை எடுத்தார். அகலம் முப்பது. உயரம் முப்பது. திரையை மறுபடி போட்டு நிலாவை அளந்தார். அகலம் இருபத்தெட்டரை. உயரம் இருபத்திரண்டு. விரல் கோடு பக்கவாட்டில் நிலாவை ஒட்டி நின்றது. மேலேயும் கீழேயும் வெறும் வானத்தில் போயிருந்தது.

“அக்கா, அவர் இடக்கையில நடுங்கிக்கிட்டே வரைஞ்சது,” என்றார் ஸ்டெல்லா. “அத வச்சு என்ன பண்றது?”

“நடுங்கினா கோணலா வரும். இது வட்டமா வந்திருக்கு.”

திரையைத் துடைக்காமலே துண்டில் சுற்றினார். ஆங் மோ கியோவில் தள்ளுவண்டியோடு வீட்டுக்கு இறங்கிக்கொண்டார். கதவு மூடும் நேரத்தில் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

திங்கள் மாலை ஏழு பன்னிரண்டுக்குத் தொலைபேசி வந்தது.

“எங்கம்மா படத்த எவ்வளவு இழுத்தீங்க?”

“நாலு மில்லிமீட்டர், அக்கா.”

“நான் ஆறரை.”

விளக்கத்தை அவர் ஒரே மூச்சில் சொன்னார். நான் இங்கே பிரித்துச் சொல்கிறேன். பழைய ஆர்கேட் பெட்டியில் இருந்தது, அந்தக் காலத்து டிவியைப்போல, குழாய்த் திரை. அதில் புள்ளி சதுரமில்லை, பக்கவாட்டில் ஒடுங்கியது. படம் வரைந்தவர்களுக்கு அது தெரியும். அதனால் நிலாவை வேண்டுமென்றே அகலமாக வரைந்தார்கள்: குறுக்கே முப்பத்தாறு புள்ளி, நெடுக்கே இருபத்தெட்டு. குழாய்த் திரை அதை ஒடுக்கும், நிலா வட்டமாகிவிடும். அக்கா எல்லாப் புள்ளியையும் சதுரமாக்கினார். நிலா முட்டையாயிற்று. விமானம் நீண்டது, கட்டடங்கள் தடித்தன. மென்பொருளில் பழைய திரையின் விகிதத்தைக் காக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. வாங்கும்போதே இயங்கும் நிலையில்தான் வரும். புள்ளிகளைச் சமமில்லாமல் ஆக்குகிறதே என்று முதல் நாளே அதை அணைத்தவர் அக்காதான்.

ஞாயிறு இரவு அலமாரியிலிருந்து அந்த விளையாட்டின் பலகையை எடுத்துச் சுற்றியிருந்த தாளைப் பிரித்திருக்கிறார். பலகையோடு வந்த குறிப்புத்தாள் உள்ளே இருந்தது. சோதனைப் படத்தில் கட்டங்கள் சதுரமாகவும் வட்டங்கள் வட்டமாகவும் தெரியும்வரை திரையைச் சரிசெய்ய வேண்டும் என்று அதில் இரண்டாவது பத்தியிலேயே இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக அது அவரிடம் இருந்திருக்கிறது.

எத்தனையோ ஆண்டு ஆடியவர் உங்களுக்கே எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் புத்தி. கேட்ட பிறகு கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவர் யோசித்துத்தான் சொன்னார்.

“நான் நிலாவப் பாத்ததே இல்ல. குண்டு எங்கேருந்து வருதுன்னுதான் பாத்தேன். அவன்தான் நிலாவப் பாத்துக்கிட்டு நிப்பான். அதனாலதான் எப்பவும் அவன் முதல்ல சாவான்.”

அந்த வாரம் அவர் விடுப்பு எடுத்தார். எனக்குத் தெரிந்து அவர் எடுத்த முதல் விடுப்பு. அவரிடம் கேட்டு அதே முறையில் கணினி அமைத்துக்கொண்டவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். பழைய விளையாட்டுப் பித்துள்ளவர்கள், எல்லாரும் ஐம்பதுக்கு மேல். நான்கு வீட்டுக்கும் தேடிப் போனார். ஒருவர் வேண்டாம், இப்படியே பழகிவிட்டது என்றாராம். பழகினாலும் தப்பு தப்புதான் என்று சொல்லி, மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். புதுக்கோட்டை இளைஞரைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. ஊருக்குப் போய்விட்டதாக மாஸ்டர் சொன்னார். அது அவருக்கு உறுத்தலாகவே இருந்தது. பிறகு எத்தனையோ முறை அந்த இளைஞரைப் பற்றி என்னிடம் விசாரித்திருக்கிறார்.

திரை விளிம்பில் இருந்த காகிதப் பட்டியைக் கிழித்துவிட்டு வேறொன்று ஒட்டினார். அதை எழுத என்னிடம்தான் வந்தார். இதழில் பிழை திருத்தம் எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டார். பிழையைச் சுருக்கமாகச் சொல்லி, சரியானதைச் சொல்லி, வருத்தம் தெரிவிப்போம், காரணம் சொல்ல மாட்டோம் என்றேன். அது நல்ல முறை என்றார். ‘திருத்தம்: இந்தத் திரையில் இதுவரை காட்டிய படங்கள் அகலமாக இருந்தன. வருந்துகிறேன்.’

மாஸ்டர் அதைப் படித்துவிட்டு என்னைத் தனியாக அழைத்து, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

நான்காவது ஞாயிறு, நண்பகலுக்குப் பின் இரண்டு இருபது, மார்சிலிங். புதிய அமைப்பில் படம் முன்னைவிடச் சிறியது. முன்பு ஒரு விரல் அகலம் இருந்த பக்கவாட்டுக் கறுப்பு, இப்போது ஐந்து சென்டிமீட்டர். புள்ளிகள் சமமில்லை, உற்றுப் பார்த்தால் சில பட்டையாகவும் சில மெல்லிசாகவும் தெரிந்தன. அவருடைய விதி உடைந்துதான் போயிருந்தது. உட்கார்ந்து பொருத்தும்போது அதைப் பார்த்தார், முகம் சுளித்தார். “புள்ளியெல்லாம் சரியா வச்சிருந்தேன்,” என்றார். “படம்தான் தப்பு.”

ஸ்டெல்லா மேசைக்கு மறுபக்கம் நின்றார். நோட்டு அவர் கையில் இருந்தது. அன்று என்ன எழுத வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரிந்த மாதிரி, பேனாவை மூடியே வைத்திருந்தார். அவரிடம் அக்கா சொன்னார்:

“அவன் வேணாம்னு சொல்லல, ஸ்டெல்லா. தப்புன்னு சொன்னான். மூணு வாரமா சொன்னான். நான்தான் அவன் பேச்ச எடுத்துக்கல.”

நகரம் வந்தது. நிலா வந்தது. இந்த முறை அது வட்டமாக இருந்தது. சொல்லிக்கொள்ள வேறு வித்தியாசம் இல்லை.

பீட்டர் பார்த்தார். நாங்கள் அந்தச் சொற்றொடருக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. இடக்காலால் உந்தி நாற்காலியை மேசையை நோக்கி நகர்த்தினார். இடது கையால் ஆட்டக் கம்பியைப் பிடித்தார். விமானம் மேலே போயிற்று, கீழே வந்தது. வலது கை மடியில் கிடந்தது. விமானம் சுடாமலே பறந்தது. பிறகு அவர் கம்பியை விட்டுவிட்டு, இடது கையால் வலது கையைத் தூக்கிப் பொத்தானின் மேல் வைத்தார். அதற்குள் விமானம் ஒரு கட்டடத்தில் மோதி வெடித்தது. மூன்று உயிரில் ஒன்று போயிற்று.

இரண்டாவது உயிரில் நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் குண்டுகளைத் தவிர்த்துக்கொண்டே இருந்தார். கண் அவ்வப்போது நிலாவுக்குப் போயிற்று. அக்கா திரையைப் பார்க்கவில்லை. பொத்தானைப் பார்த்தார். வலது நடுவிரல் அசைந்தது. விமானத்தின் முனையிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு புறப்பட்டு, ஆளில்லாத வானத்தில் போய் மறைந்தது.

ஸ்டெல்லா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு கோடு. கொஞ்ச நேரம் கழித்து அடுத்தடுத்து மூன்று. கடைசி உயிரில் இன்னும் நான்கு கோடுகள், அதில் ஒரு பீரங்கியைச் சுட்டு வீழ்த்தினார். நிலாவைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும் ஆட்டம் முடிந்தது. மொத்தம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி.

“இல்ல லா,” என்றார் பீட்டர், திரையைப் பார்த்தபடி.

ஸ்டெல்லா அணைக்கப் போனார். அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். பீட்டர் இடது கையை நீட்டி, மீண்டும் தொடங்கும் பொத்தானைத் தானே அழுத்தினார்.

அன்று அவர் ஆறு ஆட்டம் ஆடினார். திரை மார்சிலிங்கிலேயே தங்கிவிட்டது. அக்காவும் அந்த ஆண்டு முடிவதற்குள் அதே வட்டாரத்துக்கு வீடு மாறிப் போனார். கெர்பாவ் ரோட்டு அறையில் மாஸ்டர் இப்போது இஸ்திரி மேசை போட்டிருக்கிறார். அதெல்லாம் பிறகு. அந்த முதல் ஆட்டம் முடிந்த உடனே நடந்தது இதுதான்: ஸ்டெல்லா பேனாவைத் திறந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒன்பது அக்கா. நானும் எண்ணினேன். ஒன்பது.”

“எட்டு,” என்றார் அக்கா. “கடைசியில ஒரு தடவ விரல் தானா சரிஞ்சு விழுந்துச்சு. அவன் அழுத்தல.”

ஸ்டெல்லா எட்டு என்று எழுதினார்.